தாய் ஒரு சமயம், தந்தை ஒரு சமயம்: பிள்ளைக்கு எந்த முன்பள்ளி?

மூன்று வயது நிரம்பிய பிள்ளையை முன்பள்ளியில் சேர்ப்பது இன்று எமது நகரங்களிலும் கிராமங்களிலும் பொது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு நீண்ட ஆலோசனை தேவைப்படுவதில்லை. வீட்டுக்கு அண்மையில் உள்ளதா, ஆசிரியை அன்பானவரா, மாதக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைத்தால் போதும். ஆனால் தாயும் தந்தையும் வெவ்வேறு நம்பிக்கை உடையவர்களாக உள்ள வீட்டில் இவற்றுக்கு மேலாக இன்னொரு கேள்வி எழுகின்றது. பிள்ளை காலையில் எந்தப் பிரார்த்தனையைச் சொல்லப் பழகப் போகின்றது என்பதே அது.

மட்டக்களப்பிலோ, திருகோணமலையிலோ, மன்னாரிலோ, கொழும்பின் வடபகுதியிலோ இத்தகைய குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. தந்தை சைவர்; தாய் கத்தோலிக்கர். திருமணத்தின்போது இரு வீட்டாரும் மனவருத்தப்பட்டுப் பின்னர் சமாதானமாகிவிட்டனர். வெள்ளிக்கிழமை கோவில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று நான்கு ஆண்டுகள் சிக்கலின்றிக் கழிந்தன. இப்போது அருட்சகோதரிகள் நடத்தும் முன்பள்ளியே சிறந்தது என்கிறார் அம்மம்மா. கோவில் பரிபாலன சபையின் பாலர் பாடசாலை இருக்க ஏன் அங்கே அனுப்ப வேண்டும் என்கிறார் அப்பம்மா. கணவனும் மனைவியும் நான்கு ஆண்டுகளாகப் பேசாமல் ஒத்திவைத்த விடயம், ஒரு விண்ணப்பப் படிவத்தின் வடிவில் வீட்டுக்குள் வந்து விடுகின்றது.

இவ்விடயத்தில் எந்தச் சமயம் மேலானது என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெற்றோர் எதை அறிந்து, எதைத் தமக்குள் பேசித் தீர்த்து, முன்பள்ளியிடம் எதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துவதே நோக்கமாகும்.

முன்பள்ளிகளும் சமய நிறுவனங்களும்

இலங்கையில் தரம் 1 முதல் உள்ள பாடசாலைக் கல்வி பெரும்பாலும் அரசின் பொறுப்பில் இருக்கின்றது. முன்பள்ளிகளின் நிலை அவ்வாறானதன்று. தனியார், உள்ளூராட்சிச் சபைகள், தொண்டு நிறுவனங்கள், சமய நிறுவனங்கள் எனப் பலரும் அவற்றை நடத்துகின்றனர். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கீழ் முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வது மாகாண சபைகளுக்குரிய விடயமாயிற்று. முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கான தேசிய கொள்கையொன்று 2004 ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு முன்பள்ளியிலும் நாளாந்தம் என்ன நடைபெறுகின்றது என்பது பெரும்பாலும் அதனை நடத்துவோரின் மனப்பாங்கிலேயே தங்கியுள்ளது.

மரியா மொன்டிசோரி அம்மையார் 1944 ஆம் ஆண்டு இலங்கையில் பயிற்சிநெறி நடத்தினார். அவருடைய பெயரே இன்று பல ஊர்களில் முன்பள்ளிக்குரிய பொதுப்பெயராக வழங்குகின்றது. எனினும், ‘மொன்டிசோரி’ என்று பெயர்ப்பலகை தொங்கும் இடமெல்லாம் சமயச் சார்பற்ற இடம் என்று கருதிவிட முடியாது. பெயர்ப்பலகையில் சமயத்தின் பெயர் இருக்கும் இடமெல்லாம் கடுமையான போதனை நடக்கும் என்று முடிவுகட்டவும் முடியாது. உள்ளே சென்று பார்த்தே அறிய வேண்டும்.

பாடசாலையும் சமயமும் எமது சமூகங்களில் இவ்வளவு நெருங்கிப் பிணைந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியபோது கல்வியே அவர்களின் முதன்மைக் கருவியாக அமைந்தது. அதற்கு மறுமொழியாக ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகள் தமது சமயச் சூழலிலேயே நவீன கல்வி பெற வேண்டும் என்று சித்திலெப்பை போன்றோர் எடுத்த முயற்சியின் பயனாக 1892 ஆம் ஆண்டு மருதானையில் ஸாஹிரா தோன்றியது. பிள்ளை கற்கும் இடமே பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிக்கும் என்ற அச்சம் இம்மூன்று முயற்சிகளின் பின்னணியிலும் இருந்தது. இன்று அப்பம்மாவும் அம்மம்மாவும் வாதிடும்போது வெளிப்படுவது அந்தப் பழைய அச்சமே. அது காரணமற்ற அச்சமென்று ஒதுக்கிவிடலாகாது.

அதேவேளை, நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர் என்பதை மறந்துவிடலாகாது. பாடசாலையின் சமயம் மாணவனின் சமயத்தை எப்போதும் தீர்மானித்துவிடுவதில்லை. வீட்டில் கிடைக்கும் பற்றும் தெளிவும் அதற்கு நிகரான வலிமை உடையவை.

வேறுபாடு பலவகைப்படும்

பெற்றோரின் நம்பிக்கை வேறுபாடு என்றதும் கலப்புத் திருமணம் மட்டுமே நினைவுக்கு வருகின்றது. உண்மையில் ஒரே சமயத்துக்குள்ளும் இப்பிரச்சினை உண்டு. கணவன் மெதடிஸ்த திருச்சபையில் வளர்ந்தவராகவும் மனைவி பெந்தகொஸ்தே சபையில் இணைந்தவராகவும் இருக்கலாம். முஸ்லிம் குடும்பமொன்றில் ஆங்கிலத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்ற கன்னியர் மட முன்பள்ளியை வாப்பா விரும்ப, குர்ஆன் ஓதலோடு தொடங்கும் முன்பள்ளியே வேண்டும் என்று உம்மா கருதலாம். பரம்பரையாகக் கந்தூரிக்கும் மௌலூதுக்கும் சென்றுவந்த குடும்பத்தவருக்கும், அவற்றை ஏற்காத சிந்தனையுடைய வாழ்க்கைத் துணைக்கும் இடையில் முன்பள்ளித் தெரிவு பெரும் பிணக்காக மாறுவதுண்டு. சைவக் குடும்பத்தில் கோவிலுக்குச் செல்வதையே விட்டுவிட்ட தந்தையும், ஏடு தொடக்காமல் பிள்ளையை எங்கும் அனுப்பேன் என்னும் தாயும் இருக்கலாம்.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் முஸ்லிம்களுக்கிடையிலான திருமணங்களுக்கே ஏற்புடையது. ஆதலால் வேறு சமயத்தவர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரே இச்சட்டத்தின் கீழ் விவாகம் செய்யலாம். அத்தகைய குடும்பங்களில் பெற்றோர் இருவரும் இன்று ஒரே மார்க்கத்தவர்; ஆனால் பிள்ளையின் ஒரு பக்கப் பாட்டனும் பாட்டியும் இன்னமும் சைவர்களாகவோ கிறிஸ்தவர்களாகவோ இருக்கின்றனர். அவர்களைப் பற்றி முன்பள்ளியில் பிள்ளை என்ன கேட்கப் போகின்றது என்பது அந்தத் தாய்க்கு அல்லது தந்தைக்குச் சிறிய விடயமன்று. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் சமூகங்களுக்கிடையே வளர்ந்த ஐயமும் வெறுப்புப் பேச்சும் இருபக்க உறவுடைய இக்குடும்பங்களையே இருமடங்கு வருத்தின.

சட்டமும் சமயங்களும் கூறுவது என்ன?

இலங்கை அரசியலமைப்பின் 10 ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயம் என்பவற்றுக்கான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிப்படுத்துகின்றது. வழிபாட்டிலும் போதனையிலும் தமது சமயத்தை வெளிப்படுத்தும் சுதந்திரத்தை 14 ஆவது உறுப்புரை பிரசைகளுக்கு வழங்குகின்றது. இலங்கை 1980 ஆம் ஆண்டு இணைந்துகொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 18 ஆவது உறுப்புரை, பிள்ளைகளின் சமயக் கல்வியைத் தமது நம்பிக்கைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் பெற்றோரின் சுதந்திரத்தை மதிக்கக் கோருகின்றது. 1991 ஆம் ஆண்டு இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14 ஆவது உறுப்புரையோ சமய சுதந்திரம் பிள்ளைக்கும் உரியது என்கின்றது. வளர்ந்துவரும் ஆற்றலுக்கேற்பப் பிள்ளைக்கு வழிகாட்டுவதே பெற்றோரின் உரிமையும் கடமையும் என்பது அதன் கருத்தாகும்.

இவை யாவும் அரசு பெற்றோரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கின்றன. ஆனால் பெற்றோர் இருவரும் தமக்குள் முரண்பட்டால் யாருடைய சொல் நிற்கும் என்பதற்கு இவற்றில் நேரான விடை இல்லை. பழைய ரோமன் டச்சுச் சட்ட மரபில் தந்தைக்கே முன்னுரிமை இருந்தது. இன்று பிள்ளையின் நலனே முதன்மையானது என்பது எங்கும் ஏற்கப்பட்ட கோட்பாடாகும். எவ்வாறாயினும், முன்பள்ளித் தெரிவுக்காக நீதிமன்றம் செல்லும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால், அங்கே பிரச்சினை முன்பள்ளியைத் தாண்டிச் சென்றுவிட்டது என்பதே பொருள்.

சமயங்களின் நிலைப்பாட்டையும் பெற்றோர் மறைக்காமல் பேச வேண்டும். கத்தோலிக்கர் ஒருவர் வேறு சமயத்தவரை மணக்கத் திருச்சபையின் அனுமதியைப் பெறும்போது, பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களிக்க வேண்டும். பாப்பரசர் ஆறாம் பவுல் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆவணத்துக்குப் பின்னர், மற்றத் துணையிடம் அந்த வாக்குறுதி கேட்கப்படுவதில்லை. ஆயினும் அது பற்றி அவருக்கு அறிவிக்கப்பட வேண்டும். 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதனையே கூறுகின்றது. வேதம் அருளப்பட்ட சமூகத்துப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணப்பதைப் பெரும்பாலான இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அனுமதிக்கின்றபோதிலும், பிள்ளைகள் முஸ்லிம்களாகவே வளர்க்கப்பட வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. சைவத்தில் இத்தகைய எழுத்துமூல வாக்குறுதி கேட்கப்படுவதில்லை. அதனாலேயே சைவத் தரப்புக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று மறுதரப்பு எண்ணிவிடுகின்றது. விஜயதசமி அன்று ஏடு தொடக்கும் நேரத்தில்தான் அந்த எதிர்பார்ப்பின் ஆழம் தெரியவருகின்றது.

திருமணத்தின்போது யார் எதற்கு உடன்பட்டார், எதை வெறும் சம்பிரதாயமாக எண்ணிக் கையொப்பமிட்டார் என்பதைக் கணவனும் மனைவியும் முன்பள்ளி விண்ணப்பத்துக்கு முன்னரே ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்வது அவசியமாகும். பேசாமல் விட்ட வாக்குறுதி பின்னர் துரோகமாகத் தோற்றமளிக்கும்.

மூன்று வயதுப் பிள்ளை எதைக் கற்கின்றது?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்குச் சமயக் கோட்பாடுகளை ஒப்பிட்டு ஆராயும் ஆற்றல் இல்லை. அவ்வயதுப் பிள்ளை பார்த்துச் செய்கின்றது, பாடுகின்றது, தான் அன்பு வைத்தவரின் சொல்லை அப்படியே நம்புகின்றது. கைகூப்புவதும், சிலுவை அடையாளம் இடுவதும், கையேந்தித் துஆச் செய்வதும் அதற்கு முதலில் அன்பானவர்களோடு சேர்ந்து செய்யும் செயல்களே. ஆகவே ஆண்டு ஒன்று அல்லது இரண்டு வேறொரு சமயச் சூழலில் இருப்பதால் மட்டும் பிள்ளை பெற்றோரில் ஒருவரின் சமயத்தை இழந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய விடயம் வேறு. ஆசிரியை சொல்வதை ஐயமின்றி நம்பும் அதே வயதில், “அம்மா கும்பிடுவது பொய்ச் சாமி”, “அப்பா மோட்சத்துக்குப் போகமாட்டார்”, “அவர்களோடு நாங்கள் சேர்வதில்லை” போன்ற வார்த்தைகள் செவியில் விழுந்தால், பிள்ளை அவற்றையும் அப்படியே நம்பும். வீட்டுக்கு வந்து தாயிடமோ தந்தையிடமோ அதைத் திருப்பிச் சொல்லும். தன்னை ஈன்றவர்களில் ஒருவர் தவறானவர் என்ற எண்ணத்தைச் சுமக்கும் வலிமை அந்த வயதுக்கு இல்லை. முன்பள்ளித் தெரிவில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது இதுவே. பிள்ளை எந்தப் பிரார்த்தனையைக் கற்கின்றது என்பதிலும் பார்க்க, பெற்றோரில் ஒருவரை இகழக் கற்கின்றதா என்பதே முதலில் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

வீட்டிலும் இத்தவறு நடைபெறலாம். “இன்றைக்குப் பள்ளியில் என்ன சொல்லித் தந்தார்கள்?” என்று பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்டு, அந்த விடையை வைத்துத் துணையோடு வாதிடும் பெற்றோர், பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர். பிள்ளை விரைவில் அம்மாவுக்கு ஒரு விடையும் அப்பாவுக்கு வேறொரு விடையும் சொல்லப் பழகிவிடும்.

முன்பள்ளியிடம் கேட்க வேண்டியவை

முன்பள்ளியைத் தெரிவுசெய்வதற்கு முன்னர் பெற்றோர் இருவரும் சேர்ந்தே அங்கு செல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சென்று முடிவுசெய்தபின் மற்றவருக்கு அறிவிப்பது தொடக்கத்திலேயே தோல்வியாகும். தமது குடும்பத்தின் நிலையை மறைக்காமல் ஆசிரியைக்கும் நிருவாகத்துக்கும் கூற வேண்டும். அதனைக் கேட்டவுடன் அவர்களின் முகம் எப்படி மாறுகின்றது என்பதே பல கேள்விகளுக்கு விடையளித்துவிடும்.

அதன்பின் விபரமாகக் கேட்கலாம். காலைப் பிரார்த்தனை எத்தனை நிமிடம், எந்த மொழியில், என்ன சொல்லப்படுகின்றது? பிள்ளை விரும்பாவிடின் அமைதியாக உட்கார்ந்திருக்கலாமா? சமயப் பாடல்களும் வேத வசனங்களும் மனனம் செய்விக்கப்படுகின்றனவா? தைப்பொங்கல், நத்தார், நோன்புப் பெருநாள் என்பவற்றில் எவை கொண்டாடப்படுகின்றன, எவை பேசப்படுவதேயில்லை? திருநீறோ பொட்டோ இட்டுவந்தால், சிலுவை அணிந்துவந்தால், தலையை மூடிவந்தால் என்ன சொல்வார்கள்? உணவு விடயத்தில் ஹலால், மரக்கறி ஒழுக்கங்கள் மதிக்கப்படுகின்றனவா? வேறு சமயப் பிள்ளைகள் ஏற்கனவே கற்கின்றனரா? அவர்களின் பெற்றோருடன் உரையாடுவது எந்த விளம்பரத்தையும் விடப் பயனுள்ளது.

பிரித்தானியர் காலத்திலேயே அரச உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளில், பெற்றோர் விரும்பாவிடின் பிள்ளையைச் சமய போதனையிலிருந்து விலக்கிக்கொள்ள இடமளிக்கும் மனச்சாட்சி வாசகம் என்ற ஏற்பாடு இருந்தது. இன்றைய முன்பள்ளி அத்தகைய ஏற்பாட்டைத் தானாகவே கடைப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெற்றோர் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒருவரின் சமய முன்பள்ளியைத் தெரிவுசெய்து மற்றவரின் சமயத்துக்கு வீட்டில் உரிய இடமளிப்பது. இது பிள்ளைக்குத் தெளிவைத் தரும். ஆனால் விட்டுக்கொடுத்தவர் காலப்போக்கில் தாம் ஓரங்கட்டப்பட்டதாக உணரலாம். இரண்டாவது, உள்ளூராட்சிச் சபையினதோ தனியாரினதோ பொதுவான முன்பள்ளிக்கு அனுப்பி, சமயத்தை வீட்டுக்குரியதாக வைத்துக்கொள்வது. பிணக்கைத் தணிக்கும் வழி இது. ஆனால் வீட்டில் இருவருமே எதுவும் சொல்லிக்கொடுக்காவிடின் பிள்ளைக்கு இரண்டும் இல்லாமற் போகும். மூன்றாவது, இரு சமயங்களின் வழக்கங்களையும் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது. இதற்குப் பெற்றோரின் மனப்பக்குவம் மிகுதியாக வேண்டும். தத்தம் சமயம் இதனை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பதையும் அவர்கள் நேர்மையாக எடைபோட வேண்டும். எந்த வழியாயினும், இருவரும் மனமொப்பி எடுத்த முடிவாக இருப்பதும், ஓராண்டின் பின் மீளாய்வு செய்ய இடம் வைப்பதும் முக்கியமாகும். பாட்டன் பாட்டிமாருக்கு அம்முடிவை அறிவிக்கும் பொறுப்பை, அவரவர் பிள்ளைகளே ஏற்றுக்கொள்வது நன்று. மருமகள் வாயிலாக மாமியார் அறியும் செய்தி வேறு பொருள் பெறும்.

பேசியும் இணக்கம் ஏற்படாவிடின், இரு தரப்பும் மதிக்கும் ஒருவரை நாடலாம். பிரதேச செயலகங்களில் பணியாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அணுகுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. குருவானவர், உலமா, சிவாச்சாரியார் ஆகியோரிடம் செல்வதாயின், ஒருவரின் தரப்பை மட்டும் வலுப்படுத்தச் செல்லாமல் இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

தரம் 1 காத்திருக்கின்றது

முன்பள்ளியில் இந்த உரையாடலைத் தவிர்த்துவிட்டாலும் இரண்டாண்டுகளின் பின் தவிர்க்க முடியாது. எமது பாடசாலைகளில் தரம் 1 இலிருந்து தரம் 11 வரை சமயம் ஒரு பாடமாகும். பிள்ளை சைவசமயமோ, கத்தோலிக்கமோ, கிறிஸ்தவமோ, இஸ்லாமோ, பௌத்தமோ என்று ஒன்றையே கற்கலாம். 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில் தரம் 1 அனுமதியின்போது சமய விகிதாசாரமும் கவனத்திற் கொள்ளப்படுகின்றது. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் ஒரு சமயத்தை எழுதியே ஆக வேண்டும். முன்பள்ளிக் காலத்தில் அமைதியாகப் பேசிப் பழகியவர்களுக்கு அந்த நாள் கடினமாக இராது.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையையும் சுட்டிக்காட்ட வேண்டும். குறிப்பிட்ட முன்பள்ளியில் கற்றால் அருகிலுள்ள பிரபல அரச பாடசாலையில் இடம் கிடைக்கும் என்று எண்ணித் தமது மனச்சாட்சிக்கு மாறாக முடிவெடுக்கும் பெற்றோர் உள்ளனர். அரச பாடசாலை அனுமதிச் சுற்றறிக்கைகள் வதிவிடம், பழைய மாணவரின் பிள்ளைகள், ஏற்கனவே கற்கும் சகோதரர் போன்ற வகைகளுக்கே இடமளிக்கின்றன. முன்பள்ளிக்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை.

முன்பள்ளிகளை நடத்தும் சமய நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. தமது சமயத்தை அன்புடன் கற்பிக்க அவற்றுக்கு உரிமை உண்டு. பிள்ளையின் வீட்டிலுள்ள ஒருவரைச் சிறுமைப்படுத்த உரிமையில்லை. இரு சமயப் பெற்றோரின் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, என்ன கற்பிக்கப்படும், எதிலிருந்து பிள்ளை விலகியிருக்கலாம் என்பதை எழுத்தில் தருவதும், ஆசிரியைகளுக்கு இதுபற்றிப் பயிற்சியளிப்பதும் பெரும் செலவுக்குரிய காரியங்களல்ல. பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இருவரும் முன்பள்ளி வாசலுக்குத் தயக்கமின்றி வந்துபோகக் கூடிய நிலை அங்கு இருக்க வேண்டும்.